ஒத்த வடிவும் வேற்றுக் குறியும்: கணிப்பொறித் தமிழில் அடையாளச் சிக்கல்

1. முன்னுரை

ஒருவரை இன்னார் என உறுதிப்படுத்தும் பணி இன்று பெரிதும் எழுத்துகளை ஒப்பிடும் பணியாக மாறியுள்ளது. இரு ஆவணங்களிலுள்ள பெயர் ஒன்றா, திரையில் தோன்றும் இணைய முகவரி உரிய நிறுவனத்தினுடையதா என்னும் வினாக்களுக்குக் கணிப்பொறி குறியெண்களைக் கொண்டு விடை காண்கிறது. மனிதர் வரிவடிவத்தைக் கொண்டு விடை காண்கின்றனர். இவ்விரு விடைகளும் முரண்படும் இடங்கள் மோசடிக்கு வாயிலாகின்றன. தமிழில் அத்தகைய இடங்களை வகைப்படுத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சுவடி மயக்கமும் குறி மயக்கமும்

எழுத்து மயக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அரிது. காலும் ரகரமும் ஒரே வடிவின. பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டு பாடத்தைத் தெளிந்தனர். அங்கு ஒரு வடிவத்திற்கு இரு வாசிப்புகள் இருந்தமையால் ஐயம் எழுந்தது. கணிப்பொறியில் ஒரு வடிவத்திற்குப் பின்னே இரு குறியெண் தொடர்கள் இருப்பினும் வாசிப்பு ஒன்றே. ஆதலின் படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. மோசடி செய்வோர்க்கு இதுவே துணையாகிறது.

3. மயக்க வகைகள்

அ) எண்ணும் எழுத்தும்: தமிழ் எண்களாகிய ௧, ௨, ௭, ௮ ஆகியன முறையே க, உ, எ, அ என்னும் எழுத்துகளை ஒத்துள்ளன. ஒருங்குகுறியில் இவற்றுக்குத் தனித்தனிக் குறியெண்கள் உண்டு.

ஆ) ஔகாரம்: ‘ஔ’ ஓர் எழுத்து, ‘ஒள’ ஈரெழுத்து. ‘கௌ’, ‘கெள’ என்பவற்றிலும் இந்நிலையே. கொம்பும் காலும் தனித்தனியே இடப்பட்ட ஒகரத்தை இயல்பாக்கம் என்னும் செயன்முறை ஒரே குறியாக்கிவிடும்; ளகரம் தனியெழுத்தாதலின் அது இங்குப் பயன்படாது.

இ) கிரந்தக் கூட்டெழுத்து: ‘ஸ்ரீ’ என்பது தொடக்கத்தில் ஸகரத்தை அடியாகக் கொண்டு குறிக்கப்பட்டது. 2005இல் ‘ஶ’ ஒருங்குகுறியில் சேர்க்கப்பட்டபின் அதனை அடியாகக் கொண்டும் குறிக்கலாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றுகின்றன.

ஈ) பிற எழுத்துமுறைகள்: மலையாளத்தின் உகரம், ஜகரம், ழகரம் ஆகியவை தமிழ் எழுத்துகளை ஒத்தவை. வேற்றெழுத்தால் ஏமாற்றக்கூடும் என்பதை 2017 ஏப்ரலில் ஆய்வாளர் ஒருவர் மெய்ப்பித்தார். சிரில்லிக் எழுத்துகளால் அவர் பதிவு செய்த முகவரி, சில உலாவிகளில் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியாகவே தோன்றியது.

4. விளைவுகள்

இம்மயக்கங்களால் இரு தீங்குகள் நேர்கின்றன. ஒன்று, இருவர் ஒருவராகத் தோன்றுதல். போலி முகவரியும் போலிக் கணக்கும் இவ்வகையின. மற்றொன்று, ஒருவர் இருவராகப் பிரிதல். ‘ஸ்ரீதர்’ என்னும் பெயர் ஓர் ஆவணத்தில் ஸகர அடியாகவும் பிறிதொன்றில் ஶகர அடியாகவும் பதிவாகியிருப்பின், நேர் ஒப்பீட்டில் கணிப்பொறி அவரை வேறொருவராகவே கொள்ளும். பெயருக்குரியவர் எத்துணை முறை உற்று நோக்கினும் பிழை புலப்படாது. முன்னது பேசப்படும் அளவுக்குப் பின்னது பேசப்படுவதில்லை.

5. தீர்வு நோக்கி

2019இல் ஐகான் அமைப்பு வெளியிட்ட வேர்மட்டப் பெயர் விதிகளில் தமிழும் இடம்பெற்றது. மாற்று வடிவங்களாகக் கொள்ளப்பட்ட இரண்டனுள் ஒன்று ஒருவருக்கு வழங்கப்பட்டால் மற்றது பிறருக்கு வழங்கப்படாது என்பது அவற்றின் அடிப்படை. வேர்மட்டத்தில் எண்களுக்கும் இடமில்லை. எனினும் அவ்விதிகள் ‘.இந்தியா’, ‘.இலங்கை’ போன்ற இறுதிக் கூறுகளையே ஆள்வன. மக்கட்பெயர்ப் பதிவேடுகள் அவற்றின் எல்லைக்குள் வாரா.

ஆகவே மயங்கும் வடிவங்களின் பட்டியலை ஒப்பீட்டு நிரல்களில் சேர்த்தல் வேண்டும். பட்டியலை வகுப்பது மொழியியலார் கடன். பெயர்களையும் படிவங்களையும் தமிழாக்குவோர் ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒள’ எனத் தட்டெழுதுவதைத் தவிர்த்தலும், ‘ஸ்ரீ’க்கு ஒரே குறிமுறையைப் பின்பற்றுதலும் இன்றே இயல்வன. எழுத்துப்பிழையாக மட்டும் கருதப்பட்டது இங்கு ஒருவரின் உரிமையைத் தடுக்கும் பிழையாகிறது.