விட்பீல்டின் திறந்தவெளி ஊழியம்

1739ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வுட்டில், ஜார்ஜ் விட்பீல்டு திறந்தவெளியில் பிரசங்கித்தார். கேட்டவர் ஏறத்தாழ 200 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். முந்திய மாதந்தான் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றிருந்த அவருக்கு நகரின் பிரசங்க பீடங்கள் அடைபட்டு வந்தன. ஆனால், பீடம் மறுக்கப்பட்டதால் வெளியே சென்றார் என்பதுடன் நாம் நின்றுவிடலாகாது. அச்சுரங்க மக்களுக்கென அங்கு ஆலயமே இருக்கவில்லை. ஆலயம் செல்லாத இடத்திற்குக் குருவானவர் சென்றார். சில வாரங்களில் கூட்டம் ஆயிரக்கணக்காயிற்று. அவர் அழைப்பின்பேரில் வந்த ஜான் வெஸ்லியும், மிகுந்த தயக்கத்துடனேயே, ஏப்ரல் 2ஆம் நாள் வெளியில் நின்று பிரசங்கித்தார்.

இத்துடன் முடித்துவிட நம்மில் பலர் விரும்புவோம், அது நேர்மையன்று. அமெரிக்காவில் அடிமைகளின் எசமானர் இழைத்த கொடுமையை 1740இல் கண்டித்தெழுதிய இவரே, ஜார்ஜியாவில் தாம் நிறுவிய பெதஸ்தா அநாதை இல்லத்தின் செலவைத் தாங்குவதற்காக, அங்கு அடிமைமுறைக்கிருந்த தடையை நீக்குமாறு வாதாடினார். 1751இல் தடை நீங்கியது. சுரங்கத் தொழிலாளனின் ஆத்துமாவைக் கண்ட கண்கள், நீக்ரோ அடிமையின் ஆத்துமாவைக் கண்டும் அவன் விலங்கைக் காணவில்லை. 1770இல் அவர் மரித்தபோது, இல்லமும் அதன் அடிமைகளும் உயிலின்படி ஹண்டிங்டன் சீமாட்டியாரைச் சேர்ந்தனர்.