இங்கிலீஷில் மார்க் இருக்கு, இங்கிலீஷ் இருக்கா?



போன மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூல் செய்து முடித்தபின் ஒரு உறுப்பினர் எழுந்தார். பத்தாவது படிக்கும் மகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் பீஸ் கட்ட 3,000 ரூபாய் உள்கடன் வேண்டும் என்றார். மகளும் கூடவே வந்திருந்தாள். "என் பொண்ணு நல்லாப் படிக்கும்க்கா, கேட்டுப் பாருங்க" என்றார் பெருமையாக.

அந்தப் பெண் ஒரு பக்கக் கட்டுரையை மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தாள். எல்லோரும் கைதட்டினோம். ஊக்குநர் மட்டும், "இதுல என்னம்மா சொல்லியிருக்கு? எங்களுக்குத் தமிழ்ல சொல்லேன்" என்று கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அர்த்தம் தெரியாதுக்கா. இது கண்டிப்பா வரும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள்.

குழு கடனைக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தானே படிக்கிறார்கள்?

ஏன் இப்படி நடக்கிறது?

பத்தாவது பொதுத்தேர்வில் 5 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 35 எடுத்தால் பாஸ். இங்கிலீஷ் கேள்வித்தாளில் மனப்பாடப் பாட்டு, பாடத்திலிருந்து பத்தி விடை, கடிதம் என்று கேள்விகளின் அமைப்பு பெரும்பாலும் தெரிந்ததுதான். வரக்கூடிய கேள்விகளைக் கைடில் பொறுக்கி எடுத்து மனப்பாடம் செய்தால், ஒரு வரிகூடப் புரியாமலே 35-ஐத் தாண்டிவிடலாம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரிசல்ட் வந்ததும் எந்தப் பள்ளி எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். சதவீதம் குறைந்தால் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவர் பாட ஆசிரியரைக் கேட்பார். ஜூன் மாதம் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளையை அடுத்த தேர்வுக்குள் பாஸ் ஆக்கியாக வேண்டும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், வாராவாரம் டெஸ்ட். புரிய வைக்க நேரம் இல்லை, ஒப்பிக்க வைக்கத்தான் நேரம் இருக்கிறது.

தேர்வு அழுத்தத்தைக் குறைக்க அரசும் சில காரியங்கள் செய்திருக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினார்கள். 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் சொன்னதை 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பத்தாவது வந்துவிட்டால் வீடு, பள்ளி இரண்டிலும் மார்க் பேச்சுதான்.

பாஸ் ஆனால் போதாதா?

போதாது சகோதரிகளே. பாலிடெக்னிக், நர்சிங், என்ஜினீயரிங் எல்லாவற்றிலும் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். ஒப்பித்துப் பாஸ் ஆன பிள்ளை முதல் வருடமே திணறும். அரியர் விழும். "எனக்குப் படிப்பு ஏறலம்மா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடும். பையன் என்றால் கிடைத்த வேலைக்குப் போவான். பெண் என்றால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவோம். பீஸுக்கு வாங்கிய கடன் தவணை மட்டும் நிற்காது.

பேச்சு வேறு, புத்தகம் வேறு

ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு அறிஞர் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி செய்தவர். புதிய மொழி பேசும் ஊருக்குக் குடிபோன பிள்ளை, விளையாடும்போது பேசும் பேச்சைச் சுமார் 2 வருடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாடப்புத்தக மொழி பிடிபட 5 முதல் 7 வருடம் வரை ஆகும் என்கிறார். தாய்மொழியில் நன்றாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் உதவும் என்றும் சொல்கிறார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் மொபெட்டைச் சீக்கிரம் கற்றுக்கொள்வது மாதிரிதான். பேலன்ஸை மறுபடி கற்க வேண்டியதில்லை.

இந்தக் கஷ்டம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 2002-இல் வந்த ஒரு சட்டப்படி 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. வீட்டில் ஸ்பானிஷ் போன்ற வேறு மொழி பேசி, இங்கிலீஷை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளின் மார்க்கும் பள்ளியின் கணக்கில் சேர்ந்தது. தொடர்ந்து குறைந்தால் பள்ளி மேல் நடவடிக்கை. அதனால் பல பள்ளிகளில் தேர்வுக்குப் பழக்குவதே பாடம் ஆனது. 2015-இல் சட்டத்தை மாற்றினார்கள். தேர்வு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இங்கிலீஷில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நாமும் கேட்க வேண்டியது இந்த முன்னேற்றத்தைத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

"எனக்கே ஏ, பி, சி, டி தெரியாது, நான் என்னத்தப் பாக்கறது?" என்று நினைக்காதீங்க. இதற்கெல்லாம் இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

1. பிள்ளை ஒப்பித்து முடித்ததும், "இதைத் தமிழ்ல கதையாச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது.

2. பாடத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கேயிருந்து படி" என்று சொல்லுங்கள். மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை முதல் வரிக்கு ஓடும். படிக்கத் தெரிந்த பிள்ளை அங்கிருந்தே படிக்கும்.

3. தினமும் 15 நிமிடம் தமிழில் ஏதாவது படிக்க வையுங்கள். ஊர்ப்புற நூலகப் புத்தகம், பேப்பர் எதுவானாலும் சரி.

4. சோப்புக் கவர், மருந்து அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் இங்கிலீஷ் இருக்கிறது. தினம் 3 வார்த்தை படித்து உங்களுக்கு அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை டீச்சர், நீங்கள் மாணவி!

5. பள்ளிக்குப் போனால் "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "தானாப் படிக்கிறாளா? போன வருஷத்துக்கு இப்ப தேவலையா?" என்று கேளுங்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்திற்குப் போய் உட்காருங்கள், கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது "மனப்பாடம் பண்ணாதே" என்று பிள்ளையைக் குழப்பக் கூடாது. அந்த 35 மார்க்கும் தேவைதான். ஆறாவதிலேயே ஆரம்பித்தால் பத்தாவதில் இந்த ஓட்டம் இருக்காது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

உள்கடன் கேட்ட அம்மாவின் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் இன்னும் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள். ஊக்குநர் படித்தது எட்டாவதுதான். அர்த்தம் மட்டும்தான் கேட்கிறார். "ஒரு பாராவுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுக்கா. ஆனா இப்ப கேட்டா தலை குனியறதில்ல" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் பிள்ளைகளின் படிப்பையும் பேசுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். உங்கள் குழுவில் யார் வீட்டுத் திண்ணை காலியாக இருக்கிறது?