குறையொலிவேகத் தோட்டா

குறையொலிவேகத் தோட்டா என்பது குண்டை ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் செலுத்தும் தோட்டா ஆகும். காற்றில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 0 பாகையில் 331 மீட்டர். இதை மிஞ்சும் குண்டு அதிர்வலையை எழுப்பி, சாட்டை சொடுக்கியதுபோல் ஒலிக்கும். துப்பாக்கியின் ஒலியடக்கி, குழல்வாயில் எழும் வெடியோசையை மட்டுமே தணிக்கும். குண்டின் ஓசையைத் தணிக்காது. எனவே வேகத்தைக் குறைத்து, அதை ஈடுசெய்யக் குண்டின் எடையைக் கூட்டுவர். அமெரிக்காவில் 2011-இல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் தோட்டா குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் ஏற்றது. அதன் குறையொலிவேக வகையில் குண்டு சுமார் 14 கிராம் இருக்கும்.

தோட்டாவைக் கையால் நிரப்புவோர் வேகத்தைக் குறைக்க மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிவிடலாம். அதை அறியாமல் மீண்டும் சுட்டால் குழல் வெடித்து, சுடுபவரே காயமடையக்கூடும்.