பழைய கோ-கார்ட் வாங்குவோர் கவனத்திற்கு

வேகத்தை விரும்பாத பிள்ளைகள் இல்லை. ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஆசை ஒரு பலகையில் தொடங்கியது. பட்டறையில் கழித்துப்போட்ட நான்கு பேரிங்குகளைக் கட்டையில் செருகி, மேலே பலகையை ஆணியடித்தால் வண்டி தயார். கிராணி வீட்டு மேட்டிலிருந்து லயத்துக் கோடி வரை உருண்டு வருவோம். எங்கள் கால்கள்தாம் பிரேக். செருப்புத் தேய்ந்ததற்கு அம்மாவிடம் வாங்கிய அடிகள் தனிக் கணக்கு.

நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அப்பா உண்மையான கோ-கார்ட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பட்டணத்தில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓரிடத்தை மூடியபோது விற்ற வண்டி அது. விலை 1,800 வெள்ளி. பத்தாண்டுகளுக்கும் மேலாக அது எங்களோடு இருக்கிறது. அதை வாங்கியபோதும் பராமரித்தபோதும் நாங்கள் கற்றதை, பிள்ளைகளுக்கு இப்படியொன்று வாங்க எண்ணும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

கோ-கார்ட் என்பது என்ன?

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டியதே இதன் தொடக்கம் எனக் கூறுவர். இன்றும் அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. காரில் இருப்பதுபோல் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் இதில் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் ஒன்றாகவே சுழலும். வளைவில் திரும்பும்போது சட்டம் சற்று முறுகி, உட்பக்கத்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து இலேசாகத் தூக்கிவிடும். அப்போதுதான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஆகவே, கோ-கார்ட்டின் சட்டம் வெறும் தாங்கி அன்று. ஒவ்வொரு வளைவிலும் வளைந்து நிமிரும் உறுப்பு. பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்த இரும்பு எங்காவது விரிசல் விடும். பழைய வண்டி வாங்குவோர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான்.

எந்த வகை நமக்கு ஏற்றது?

பந்தயத்திற்கென்றே செய்யப்பட்டவை பெரும்பாலும் ‘டூ ஸ்ட்ரோக்’ இயந்திரம் கொண்டவை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். ஓடிய மணிக்கணக்கைக் குறித்துவைத்து இயந்திரத்தைப் பிரித்துப் பாகங்களை மாற்ற வேண்டும். விலை மலிவாகக் கிடைத்தாலும் குடும்பத்தின் பொழுதுபோக்கிற்கு இது ஏற்றதன்று.

160 முதல் 200 சிசி வரையிலான ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ இயந்திரம் பொருத்தியதையே தேடுங்கள். எங்கள் வண்டியில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் 160. கொள்ளளவு 163 சிசி. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பில் இருந்ததும் இதே இயந்திரம்தான். அதனால் அப்பாவுக்கு அது பழகிய கை. உதிரிப் பாகங்கள் ஜாசினிலேயே கிடைத்தன. நம்மூர்க் கடையில் பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நட்டமே.

அளவும் முக்கியம். பிள்ளை இருக்கையில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தபடியே, முழங்கால் சற்று மடங்கிய நிலையில், பிரேக்கை அடிவரை மிதிக்க முடிய வேண்டும். ‘அடுத்த ஆண்டு வளர்ந்துவிடுவான்’ என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல் பெரிதாக வாங்கக் கூடாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விற்பவர் இயந்திரத்தை முறுக்கிக் காட்டுவார். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் துள்ளுவர், நானும் துள்ளினேன். அப்பா அதைக் காதில் வாங்காமல் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பிறகு காரணம் சொன்னார்: “இஞ்சின் கெட்டா வண்டி நிக்கும். வெல்டிங் விட்டா பிள்ளை விழும்.”

முதலாவது, சட்டம். ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் இடம், இருக்கையைப் பிடிக்கும் கம்பிகள், பின் அச்சின் பேரிங் பொருந்தும் இடம் ஆகிய மூன்றிலும் பற்றவைத்த ஒட்டுகளை விளக்கடித்துப் பாருங்கள். புதிதாகச் சாயம் பூசியிருந்தால் மகிழாதீர்கள். ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். எங்கள் வண்டியில் ஸ்டீயரிங் தாங்கியின் சாயத்தைச் சுரண்டியபோது தலைமுடி அளவு விரிசல் தெரிந்தது. அதைக் காட்டித்தான் அப்பா 300 வெள்ளி குறைத்தார். பின்னர் பட்டறையில் விரிசலை முழுவதும் அரைத்தெடுத்து மீண்டும் பற்றவைத்தார்கள். அது முடியும்வரை என்னை வண்டியில் உட்காரவிடவில்லை.

இரண்டாவது, பின் அச்சு. பின்புறத்தை உயர்த்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். அச்சு ஆட்டம் போட்டால் அது வளைந்திருக்கிறது. கரகரவென்ற ஓசை வந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்கை எளிதில் மாற்றலாம். அச்சுக்குச் செலவு அதிகம்.

மூன்றாவது, பிரேக். மிதியைப் பத்து வினாடி அழுத்தியே வைத்திருங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் பிரேக் எண்ணெய் எங்கோ கசிகிறது அல்லது உள்ளிருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது.

நான்காவதுதான் இயந்திரம். முடுக்குவதற்கு முன் அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்; குளிர்ந்த நிலையில் எளிதில் முடுக்க முடியாததாக இருக்கலாம். ஆறும்வரை காத்திருங்கள். நீலப் புகை வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பெரும்பாலும் சிறு பழுதுதான். எண்ணெய் அளவுக் கம்பியைத் துடைக்கும்போது துணியில் மினுமினுப்பான இரும்புத்தூள் ஒட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பராமரிப்பு

‘மினியாக் ஹித்தாம்’ என்று நாம் சொல்லும் இயந்திர எண்ணெய்தான் முதல் வேலை. வாங்கிய அன்றே பழையதை வடித்துப் புதியதை ஊற்றுங்கள். ஜிஎக்ஸ் 160க்கு ஏறக்குறைய 0.6 லிட்டர் போதும். அதன்பின் 100 மணி நேர ஓட்டத்திற்கு அல்லது ஆறு மாதத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதில் எண்ணெயை அனுப்பும் பம்ப் கிடையாது. சுழலும் பாகம் வாரித் தெளிப்பதால்தான் உள்ளுறுப்புகளுக்கு எண்ணெய் கிடைக்கிறது. அளவு குறைந்தால் தெளிப்பும் குறைந்து இயந்திரம் இறுகிவிடும். ஆகவே, ஓட்டும் ஒவ்வொரு முறையும் அளவைப் பார்க்க வேண்டும்.

காற்று வடிகட்டியை 50 மணி நேரத்திற்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்கிறது கையேடு. தோட்டத்துச் செம்மண் புழுதிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நாங்கள் ஓட்டிய மறுநாளே தட்டிச் சுத்தம் செய்வோம். பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இல்லையேல் பிசினாகி அடைத்துக்கொள்ளும்.

கோ-கார்ட் அதிகம் அதிர்வதால் நட்டுகள் தாமே கழலும். முறுக்கிய ஒவ்வொரு நட்டின்மீதும் சட்டத்தைத் தொடுமாறு ஒரு வெள்ளைக் கோடு போடச் சொன்னார் அப்பா. கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று பொருள். ஏழு வயதுப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் வீட்டில் இது தங்கையின் வேலை. என்னைவிட அவள் கண் கூர்மையானது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘கவர்னர்’ என்ற பாகத்தைக் கழற்றச் சொல்லும் நண்பர்கள் பலர் வருவார்கள். கழற்றாதீர்கள். சிறுவர்களுக்கு, எண்ணெய் மிதியின் அடியில் ஒரு திருகாணியை வைத்து மிதி பாதிக்குமேல் இறங்காதபடி செய்துவிடலாம். வளர வளரத் திருகாணியை இறக்கிக்கொள்ளலாம்.

என் தவறு

நான் இரண்டாம் படிவம் படித்தபோது நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை செயினைக் கழுவுவதற்காக அதன் கவரைக் கழற்றினேன். மறுபடியும் மாட்டவில்லை. ‘ஒரு சுற்றுதானே’ என்று தங்கையை உட்கார வைத்தேன். அவளுக்கு இடுப்பு வரை சடை. தலைக்கவசத்திற்கு வெளியே தொங்கிய சடையின் ரிப்பன் பின்னால் சுழன்ற அச்சில் சிக்கிக்கொண்டது. அவள் தலை பின்னுக்கு இழுபட்டதைக் கண்டு அப்பா போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அவள் பயந்து மிதியிலிருந்து காலை எடுத்ததால் வண்டி நின்றது. அப்பா கத்தியால் ரிப்பனை அறுத்தார். இரண்டு நாள் கழுத்து வலியோடு போயிற்று.

அது எங்கள் நல்லகாலம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்திலும் கூந்தல் சக்கரத்தில் சிக்கி இரு பெண்கள் உயிரிழந்தனர். இரண்டும் பணம் கட்டி ஓட்டும் இடங்களில் நடந்தவை. சடை பின்னும் பிள்ளைகள் நிறைந்த நம் வீடுகளில் இதை மறக்கவே கூடாது.

அப்பா என்னை அடிக்கவில்லை. மூன்று மாதம் வண்டியைப் பூட்டி வைத்தார். படகு மோட்டாரில் இருப்பதுபோல் மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்றைப் பொருத்தினார். இழுபட்டால் இயந்திரம் நின்றுவிடும். சடை சட்டைக்குள், அதன்மேல் முகத்தையும் மூடும் தலைக்கவசம், மூடிய காலணி, செயின் கவர் ஆகிய நான்கும் இல்லாமல் முடுக்கக் கூடாது என்பது அன்று முதல் வீட்டுச் சட்டம். துப்பட்டாவுக்கும் இடமில்லை.

எங்கே ஓட்டுவது?

பொதுச் சாலையில் கூடாது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயதுக்கு உட்பட்டோர் சாலையில் எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்ட முடியாது. தோட்டத்துச் சடக்கிலும் வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிக்காரர் கண்ணுக்கு முழங்கால் உயரத்து வண்டி தெரியாது. நாங்கள் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, பயன்பாட்டில் இல்லாத பழைய ஆலையின் சிமெண்டுத் தளத்தில் மட்டுமே ஓட்டினோம். அப்படி ஓர் இடம் இல்லாதவர்கள் வண்டி வாங்குவதைவிட, முறையான கோ-கார்ட் தடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதே நல்லது.

நிறைவாக

லூயிஸ் ஹாமில்டனும் தம் தந்தை வாங்கித் தந்த பழைய கார்ட்டில் பழகியவர்தாம். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இவற்றைக் கேட்டு நம் பிள்ளையும் அப்படி ஆவான் என்று வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நான் பந்தய வீரன் ஆகவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஓட்ட இரண்டு மணி நேரம் அப்பாவோடு தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடித்தேன். வேலை முடிந்து களைத்து வரும் அப்பாவிடம் நான் அதிகம் பேசியது அந்த நேரத்தில்தான்.

அந்த இரண்டு மணி நேரத்தைத் தர முடியும் என்றால் பழைய கோ-கார்ட் வாங்குங்கள், பெற்றோர்களே. தர முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.