கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மௌனம்

குழுத் திட்டப்பணிக்காக நீங்கள் நால்வர் கூகள் மீட்டில் கூடுகிறீர்கள். "முதல் பகுதியை யார் எழுதுவது?" என்று கேட்கிறீர்கள். பதில் இல்லை. மீண்டும் கேட்க வாயெடுக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உடனே மூவரும் நிறுத்துகிறீர்கள். "நீ சொல்லு", "இல்லை, நீ சொல்லு!" நண்பர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் நேரக் கணக்கைச் சற்றுப் பாருங்கள்.

நேரில் பேசும்போது ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடிதான். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 10 மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வின் முடிவு இது. ஜப்பானிய மொழியில் பதில் இன்னும் விரைவு. டேனிஷ் மொழியில் சற்று நிதானம்.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து உச்சரிக்கவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லிவிநாடி ஆகும். பிறகு எப்படி 200இல் பதில் வருகிறது? எதிரில் இருப்பவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். குரலின் இறக்கம், மூச்சு, பார்வை எல்லாம் அதற்குத் துப்பு. கவனம் வேறெங்கோ இருந்தால் இந்த ஊகம் பலிக்காது.

இணையத்தில் உங்கள் குரல் சுருக்கப்பட்டு, சிறு சிறு தரவுப் பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. பிந்தி வரும் பொட்டலங்களுக்காக எதிர்முனைக் கருவி சற்றுக் காத்திருந்த பின்னரே ஒலிக்கிறது. கேள்வி போக 300 மில்லிவிநாடி, பதில் வர 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 200ஐயும் சேர்த்தால் 800! நண்பர் உடனே பதில் சொன்னாலும், உங்களுக்கு அது நான்கு மடங்கு தாமதம். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு தாமதமானபோது பேசியவர்கள் பழியை இணையத்தின்மீது போடவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கவனம் போதவில்லை என்றே கருதினார்கள். பாவம், அந்த எதிராளி!

மௌனம் நீளமாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரத்தையே கவனித்தால் நேரம் நகராது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது இதை உணர்ந்திருப்பீர்கள். பதிலுக்காகத் திரையையே பார்க்கும் உங்களுக்கு 3 விநாடி ஒரு யுகம். அதே வேளையில் வாட்ஸ்அப்பில் மூழ்கியிருக்கும் நண்பருக்கு அது கழிந்ததே தெரியாது.

ஆகவே "யார்?" என்று பொதுவாகக் கேட்காமல், பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், கேள்வி வருவதற்குள் அவர் கவனம் திரும்பிவிடும். கை உயர்த்தும் பொத்தானும் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமல்ல. திரையில் தொலைந்துபோன மூச்சுக்கும் பார்வைக்கும் பதிலாக, 'அடுத்து நான்' என்று சொல்வது அதுதான்.