லாபம் யாருக்கு, கடிவாளம் யாரிடம்?

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோர செல்போன் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். டிஸ்ப்ளே உடைந்தும் சார்ஜ் ஏறாமலும் வரும் போன்களில் ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி என்ற பெயர்கள் மாறி மாறி வரும். கவரைக் கழற்றினால் பின்னால் பொடி எழுத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்றிருக்கும். பிராண்டோ சீனாவுடையது. அங்கே ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி. அப்படியானால் இவை சோஷலிச கம்பெனிகளா, முதலாளித்துவ கம்பெனிகளா?

சீனப் பேச்சு நம் பகுதிக்குப் புதிதல்ல. 2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரத்தில், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கைகோத்து நின்றார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. எல்லையில் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. கம்பெனி வேறு, சீன அரசு வேறு என்று டெல்லி பிரித்துப் பார்க்கவில்லை.

பங்குதாரர் யார்?

பணத்தைப் பார்த்தால் இது சுத்தமான முதலாளித்துவம். 1980-ல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. அங்கே 1998-ல் பிறந்த இணைய நிறுவனமான டென்சென்ட்டில், 2001-ல் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் 46.5 சதவிகிதப் பங்கை வாங்கியது. இணைய வணிக நிறுவனமான அலிபாபா 2014-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கே போனது. அதன் நிறுவனர் ஜாக் மா கட்சி உறுப்பினர் என்பதை 2018-ல் கட்சிப் பத்திரிகையே வெளியிட்டது. கோடீஸ்வரர் கையில் கட்சி அட்டை! 1992-லேயே கட்சி இதற்கெல்லாம் ‘சோஷலிசச் சந்தைப் பொருளாதாரம்’ என்று பெயர் வைத்துவிட்டது.

உத்தரவு யாருடையது?

2020 அக்டோபர் 24 அன்று ஷாங்காயில் பேசிய ஜாக் மா, வங்கிகள் அடகுக்கடை மனப்பான்மையில் இருப்பதாக விமர்சித்தார். அவருடைய நிதிச்சேவை நிறுவனமான ஆன்ட் குழுமம் 3,400 கோடி டாலருக்கு மேல் திரட்டவிருந்த பங்கு வெளியீடு பத்தே நாளில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அலிபாபாவுக்கு 1,800 கோடி யுவானுக்கு மேல் அபராதம். டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸின் பெய்ஜிங் துணை நிறுவனத்தில், 2021-ல் அரசு சார்பு நிறுவனம் வாங்கியது வெறும் 1 சதவிகிதப் பங்கு. கூடவே இயக்குநர் குழுவில் ஓர் இடமும் கிடைத்தது. இப்படிப்பட்ட பங்கைத்தான் ‘தங்கப் பங்கு’ என்கிறார்கள்.

தொழிலாளி எங்கே?

சோஷலிசம் என்றால் தொழிலாளியின் கை ஓங்க வேண்டும். சீன டெக் உலகில் புழங்கும் சொல்லோ ‘996’. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள். மொத்தம் 72 மணி நேரம். அது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-ல்தான் சொன்னது. 2018-ல் ஷென்ஜென்னின் ஜாசிக் ஆலையில் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர்கள் கைதானார்கள். ஆதரவாகப் போன மார்க்சிய மாணவர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

நம் பக்கம் வாருங்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. தலைமையில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கேயும் கைதுகள் நடந்தன, பந்தல் பிரிக்கப்பட்டது. ஆனாலும் வழக்குப் போட நீதிமன்றம் இருந்தது; 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

ஆக, சீன டெக் கம்பெனிகளில் லாபம் முதலாளிக்கு, கடிவாளம் கட்சிக்கு. இதை அரசு முதலாளித்துவம் என்பதே பொருத்தம். அரசு தலையிடுவதாலேயே ஒரு கம்பெனி சோஷலிசமாகிவிடாது. அடுத்தமுறை யாராவது இந்த விவாதத்தைத் தொடங்கினால், கொடியின் நிறத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: அங்கே வேலை செய்பவர் தானாக ஒரு சங்கம் வைக்க முடியுமா?