புல்லற் வண்டியின் ஈற்றுநாட்கள்

மன்னார் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும், சென்னைக்கு வடபால் அமைந்த திருவொற்றியூரும் சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலங்களாம். ஆங்கில நாட்டு மோட்டார்ச் சைக்கிள் ஒன்று தன் ஈற்றுநாட்களைக் கழித்ததும் அவ்வொற்றியூரிலேயே என்பது பலர் அறியாத செய்தி.

ஊசித் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் றெடிச் நகரில், 1932 ஆம் ஆண்டு, றோயல் என்பீல்ட் கம்பெனி 'புல்லற்' என்னும் பெயரை முதலில் வழங்கிற்று. போருக்குப் பின் உருவான 350 வகையை இந்தியப் படை விரும்பி வாங்கியது. 1955 இல் மெட்ராஸ் மோட்டார்சுடன் கூடி என்பீல்ட் இந்தியா நிறுவப்பட்டது. தொடக்கத்தில் உறுப்புக்கள் கப்பலில் வந்திறங்கின. நாளடைவில் யாவும் திருவொற்றியூரிலேயே செய்யப்பட்டன. இதனிடையே 1967 இல் றெடிச் ஆலை மூடப்பட்டது. 1970 இல் ஆங்கில மண்ணில் அக்கம்பெனியின் உற்பத்தி முற்றாக ஓய்ந்தது. 1977 முதல் சென்னை வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை இதுவன்றோ!

ஆகவே புல்லற் அறுபதுகளில் மாண்டது என்பார் கூற்று பொருந்தாது. எனினும், ஒரு வண்டியின் உயிர் அதன் பெயரிலா, எஞ்சினிலா என்று கேட்டல் வேண்டும். எஞ்சினிலேதான் எனக் கொள்வதே நேர்மை.

அவ்வெஞ்சினின் துளை 70 மில்லிமீற்றர். முசலத்தின் ஓட்டம் 90 மில்லிமீற்றர். நெடிய ஓட்டமும் கனத்த சுழற்சக்கரமும் சேர்ந்தமையால், அது விரைந்து சுழலாது, ஒவ்வோர் அடியையும் எண்ணத்தக்கதாய் ஒலித்தது. கியர்ப்பெட்டி தனி உறையில் அமைந்து எஞ்சினின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருந்தது. அதற்கு எண்ணெயும் தனியே. பழைய அமைப்பில் கியர் மிதி வலக்காலுக்கும் தடை மிதி இடக்காலுக்கும் உரியன. சிறு கருவிப்பையுடன் வழியோரத்திலேயே செப்பனிடத்தக்க எளிமை அதற்கு இருந்தது. ஆனால் வார்ப்பிரும்புச் சிலிண்டர் வெப்பத்தை மெல்லவே வெளிவிடும். அதன்மேல் அமர்ந்த அலுமினியத் தலையோ வேறளவில் விரியும். எண்ணெய் கசிந்தது, எரிபொருளும் அளவாய் எரிந்திலது. புகைக் கட்டுப்பாடு இறுகிய காலத்தில் இக்குறைகளை மறைக்க வழியில்லை. 2010 ஐ ஒட்டி, அலுமினியச் சிலிண்டரும் இணைந்த கியர்ப்பெட்டியும் உடைய புது எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. றெடிச்சிற் பிறந்த புல்லற் உண்மையில் மறைந்தது அப்போதேயாம்.

பெயர் மட்டும் மறையவில்லை. 2020 இல் 500 வகை நின்றது. 2023 இல் 350 வகை மீண்டும் புது எஞ்சின் பெற்றது. பெற்றோல் தாங்கியின் பக்கங்களிற் பொற்கோட்டைக் கையாலே தீட்டும் வழக்கமும் அதனோடு தொடர்ந்தது.